துணைக்கு வந்த ஊசி

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஓ.எம்.ஆரில் பொட்டி தட்டுகிறவன், படிச்சது பி.இ. அதனால இந்தப் பதிவை வரலாறாப் படிங்க, மருந்துச் சீட்டாப் படிச்சுடாதீங்க. கொஞ்சம் நீளம் ஜாஸ்தி. ஒரு டீயை வாங்கி வச்சுக்கிட்டு உக்காருங்க.

ஆபீசில் ஆணி பிடுங்கியே பழக்கப்பட்டவன் உடம்பில் ஊசி ஏறின கதை இது. முதல்ல என் கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திடறேன், அப்புறம் வரலாறுக்குப் போவோம்.

சில வருஷம் முன்னாடி ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன். ப்ரொடக்‌ஷன் சர்வர் படுத்துடுச்சு. அடிச்சுப் பிடிச்சு நாலு மணிக்குள்ள சர்வரை எழுப்பி உக்கார வச்சாச்சு. என் நெஞ்சுதான் அடங்கவே இல்லை. அன்னிலேர்ந்து போன் மணி அடிச்சாலே கை வேர்க்கும், மூச்சு முட்டும், ஏதோ நடக்கக்கூடாதது நடக்கப்போகுதுங்கிற மாதிரி ஒரு பயம். ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா அழுகை வரும். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஹார்ட்டா இருக்குமோன்னு ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டுன்னு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. எல்லாம் நார்மல். மந்தைவெளியில் எங்க குடும்ப டாக்டர் ரிப்போர்ட்டை எல்லாம் மூடி வச்சுட்டு, அடையாறில் இருக்கும் ஒரு மனநல மருத்துவர் பேரை எழுதிக் கொடுத்தார்.

அம்மா முகம் அப்படியே மாறிடுச்சு. ஆட்டோவில் வரும்போது மெதுவாக் கேட்டாங்க, "ஏண்டா கண்ணா, கீழ்ப்பாக்கம் அளவுக்கா ஆயிடுச்சு?"

அடையாறு டாக்டர் பதட்ட நோய், கூடவே மனச்சோர்வுன்னு சொல்லி தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும்னார். அம்மா சொந்தக்காரங்க கிட்ட எல்லாம் எனக்குக் கழுத்து வலின்னு சொல்லி வச்சிருந்தாங்க. கழுத்து வலின்னு கேள்விப்பட்ட அத்தை சும்மா இருப்பாங்களா? தி.நகரில், பனகல் பார்க் தாண்டி ஒரு சந்தில் அக்குபங்சர் பாக்கிறவர் இருக்கார்னு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

உண்மையைச் சொல்லணும். எனக்குப் பிடிச்சிருந்தது. உஸ்மான் ரோடு இரைச்சலெல்லாம் மாடிப்படியோடு நின்னுடும். ஒரு பெஞ்ச், ஒரு ஃபேன், ஒரு பச்சைத் திரை. அந்த ஐயா நாடி பாத்தார், நாக்கை நீட்டச் சொன்னார், என்ன கனவு வருதுன்னு கேட்டார். என் வாழ்க்கையில் எந்த மருத்துவரும் என் கனவைப் பத்திக் கேட்டதில்லை. மணிக்கட்டில், சுண்டு விரல் பக்கமா, முடி மாதிரி ஒரு ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி, அவ்வளவுதான். இருபது நிமிஷம் படுத்திருந்தேன். குறட்டை விட்டதாக அத்தை சொன்னாங்க. நாலு வாரம் போனேன், தூக்கம் வந்தது, படபடப்பு குறைஞ்சது.

அஞ்சாவது வாரம் நான் மாத்திரை சாப்பிடறது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. "அதெல்லாம் விஷம் தம்பி. இது மாற்று மருத்துவம். அதை விட்டாத்தான் இது வேலை செய்யும்" என்றார். அன்னிக்கே விட்டேன். ஒரு வாரத்துக்குள்ள தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. தலை சுத்தல், ராத்திரி முழுக்க முழிப்பு. கொஞ்ச நாளில் பழைய பயம் வட்டியோடு திரும்பி வந்தது. லீவு போட்டுட்டு சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்த அந்த ரெண்டு மாசத்தைப் பத்தி எழுத இப்பவும் கை வரலை.

திரும்ப அடையாறுக்குப் போனப்போ திட்டப்போறார்னு நினைச்சேன். டாக்டர் திட்டலை. "ஊசியை நிறுத்துன்னு நான் சொல்லலையே. மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. ஒண்ணு வந்தா இன்னொண்ணு போகணும்னு யார் சொன்னது? அந்த 'மாற்று' எங்கேருந்து வந்தது? ஊசியைக் கண்டுபிடிச்சவங்க, இந்தியாவுக்குக் கொண்டு வந்தவங்க, மனசுக்கு மருந்தாப் பயன்படுத்தினவங்க யாராவது அப்படிச் சொன்னாங்களா? பல வார இறுதி இதுக்கே போச்சு. கிடைச்சதைச் சொல்றேன்.

சீனாவில் ஊசி

அக்குபங்சர் என்ற பேரே சீனப் பேர் இல்லை, லத்தீன். ஊசி, குத்துதல் ரெண்டையும் சேர்த்து 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் வச்ச பேரு. வைத்தியம் ரொம்பப் பழசு. இதுக்கு மூலநூலாகச் சொல்லப்படும் 'ஹுவாங்டி நெய்ஜிங்' சுமார் 2000 வருஷத்துக்கு முந்தினது. அதில் மனசுக்கும் உடம்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. 'ஷென்' என்கிற மனம் அல்லது உணர்வு, இதயத்தில் குடியிருக்கு. அதிகக் கோபம் ஈரலைக் கெடுக்கும், துக்கம் நுரையீரலைக் கெடுக்கும். எனக்கு மணிக்கட்டில் குத்தினாரே, அந்தப் புள்ளிக்கு சீன மொழியில் 'ஷென்மென்' என்று பேர். தமிழில் சொன்னா மனவாசல். காதிலும் இதே பேரில் ஒரு புள்ளி இருக்கு. அதுக்கு அப்புறமா வருவோம்.

சீனா ஊசியை எப்பவும் தலையில் தூக்கி வச்சு ஆடலை. 1822ல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தில் அக்குபங்சரைத் தடை பண்ணினார். 1929ல் குவோமின்டாங் ஆட்சியில், பாரம்பரிய மருத்துவத்தையே ஒழிச்சுக் கட்ட ஒரு தீர்மானம் வந்தது. ஊர் ஊரா எதிர்ப்பு கிளம்பி அது அப்படியே கிடப்பில் போச்சு. மறுவாழ்வு கொடுத்தது கம்யூனிஸ்டுகள். காரணம் பக்தி இல்லை, பற்றாக்குறை. ஜனங்க கோடிக்கணக்கில், நவீன டாக்டர்களோ விரல் விட்டு எண்ணும் அளவில். அதனால 1940களில் யெனான் மலைப்பகுதியில் இருந்தபோதே, ரெண்டு வகை வைத்தியர்களும் சேர்ந்து வேலை செய்யணும்னு மாவோ பேச ஆரம்பிச்சுட்டார். 1950களில் அது அரசுக் கொள்கையாச்சு. 1960களின் கடைசியில் கிராமங்களுக்குப் போன 'வெறுங்கால் மருத்துவர்கள்' பையில் ஊசியும் இருக்கும், மூலிகையும் இருக்கும், தடுப்பூசியும் ஆன்டிபயாடிக்கும் இருக்கும். ஒரே பை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பம்பாயிலிருந்து ஐந்து டாக்டர்கள்

இந்தியாவுக்கு ஊசி வந்த கதை ஒரு கப்பலில் ஆரம்பிக்குது. ஜப்பான் சீனாவை அடிச்சு நொறுக்கிக்கிட்டிருந்த நேரம். சீனத் தளபதி சூ தே உதவி கேட்டு நேருவுக்கு எழுதினார். 1938ல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். அந்த வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதி பம்பாயிலிருந்து ஐந்து டாக்டர்கள் கிளம்பினாங்க. அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி.

கோட்னிஸ் பேரு சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். சோலாப்பூர்க்காரர். போர்க்களத்தில் அறுவை சிகிச்சை செய்து செய்து உடம்பு தேஞ்சு, 1942 டிசம்பர் 9 அன்று 32 வயசில் அங்கேயே செத்துப்போனார். கல்யாணம் பண்ணினது ஒரு சீன நர்ஸை. பிள்ளைக்கு 'யின்ஹுவா' என்று பேர் வச்சாங்க. யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா. 1946ல் சாந்தாராம் அவர் கதையை ஹிந்தியில் படமாகவே எடுத்துட்டார்.

நம்ம கதையின் நாயகன் இன்னொருத்தர், கல்கத்தாக்காரரான பிஜய் குமார் பாசு. 1943ல் உயிரோடு ஊர் திரும்பினார். 1950களின் கடைசியில் மறுபடி சீனா போனபோது அக்குபங்சரை முறையாகக் கத்துக்கிட்டு வந்து கல்கத்தாவில் ஆரம்பிச்சார். இந்தியாவில் அக்குபங்சரின் தந்தைன்னு இவரைத்தான் சொல்றாங்க. அதாவது, நம்ம ஊருக்கு ஊசியைக் கொண்டு வந்தவர் மருத்துவக் கல்லூரியில் படிச்ச அலோபதி டாக்டர்! சாமியாரும் இல்லை, மாத்திரைக்கு எதிரியும் இல்லை.

நேரம்தான் சரியில்லை. 1962ல் ஊசி வந்த நாட்டோடவே போர். அப்புறம் 1970களில், கோட்னிஸ் நினைவாக வங்காளத்தில் ஏழைகளுக்கான அக்குபங்சர் மையங்கள் வந்தன. பஞ்சாபில் லூதியானாவில் அவர் பேரிலேயே ஒரு அக்குபங்சர் மருத்துவமனை வந்தது. 1996ல் மேற்கு வங்காளம் இதுக்குத் தனிச் சட்டமே போட்டது. மகாராஷ்டிரம் 2015ல் சட்டம் கொண்டு வந்தது. மத்திய அரசு 2003ல் ஒரு சிகிச்சை முறையாக ஏத்துக்கிட்டு, 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறையாகவே அங்கீகாரம் கொடுத்தது.

ஒரு குடல்வால் கதை

உலகத்துக்கு ஊசிப் பைத்தியம் பிடிச்சது 1971 ஜூலையில். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் போன இடத்தில் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்துட்டார். மயக்க மருந்து இல்லாம ஊசி குத்தியே ஆபரேஷன் பண்ணிட்டாங்கன்னு இன்னிக்கும் பல பேர் எழுதறாங்க. தப்பு. அவருக்கு நடந்தது வழக்கமான ஆபரேஷன், மரத்துப்போக வைக்கும் வழக்கமான மருந்துகளோட. மறுநாள் ராத்திரி வயித்தில் இறுக்கமும் வலியும் வந்தப்போதான் ஊசி. அதில் ஒரு மணி நேரத்துக்குள்ள குறைஞ்சதா அவரே எழுதினார்.

கவனிச்சீங்களா? உலகத்துக்கே ஊசியை விளம்பரம் பண்ணின சம்பவத்திலேயே ஊசி கத்திக்குப் பதிலா வரலை. கத்தி தன் வேலையை முடிச்ச பிறகு துணைக்கு வந்தது.

மனசு விஷயத்திலும் இதே கதைதான். 1972ல் ஹாங்காங்கில் டாக்டர் வென் என்கிற நரம்பியல் அறுவை நிபுணர், ஆபரேஷன் வலிக்காக ஊசியில் லேசா மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, அபின் பழக்கமுள்ள ஒரு நோயாளி தனக்கு அபின் ஏக்கம் குறைஞ்சுட்டதாச் சொன்னார். அந்தச் செய்தி நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதிக்குப் போச்சு. அங்கே லிங்கன் ஆஸ்பத்திரி. ஏழைகளும் கறுப்பர்களும் போர்ட்டோ ரீகோக்காரர்களும் வாழும் பேட்டை, போதை தலைவிரிச்சு ஆடின காலம். 1970ல் 'யங் லார்ட்ஸ்' என்கிற இளைஞர் அமைப்பு ஆஸ்பத்திரிக்குள்ளேயே புகுந்து போராட்டம் நடத்தினதன் தொடர்ச்சியா, அங்கே போதை மீட்பு மையம் ஒண்ணு உருவாச்சு. காதில் ஐந்து புள்ளி, ஐந்து சின்ன ஊசி. அதில் ஒண்ணு நம்ம ஷென்மென். எல்லாரும் ஒரே ஹாலில் வட்டமா உக்காந்து முக்கால் மணி நேரம் பேசாம இருக்கணும். மனநல மருத்துவர் மைக்கேல் ஸ்மித் இதை ஒழுங்குபடுத்தினார். 1985ல் இதுக்குன்னு ஒரு சங்கமே வந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அதிர்ச்சியில் இருந்த நியூயார்க்வாசிகளுக்கும் இதே காது ஊசி போட்டாங்க. இந்த முறையைப் பரப்பினவங்களே இதை ஆலோசனையோட, மத்த சிகிச்சையோட சேத்துக் கொடுக்கும் துணைன்னுதான் சொன்னாங்க.

அப்போ 'மாற்று'? நமக்குப் பக்கத்தில் கொழும்பில் களுபோவில அரசு ஆஸ்பத்திரியில் ஆன்டன் ஜயசூரிய என்கிற மூட்டுவாத நிபுணர் பெரிய அக்குபங்சர் மையம் நடத்தினார். 2005ல் காலமானார். உலகம் முழுக்கவிருந்து மாணவர்கள் வந்து கத்துக்கிட்டுப் போனாங்க. அவரும் அலோபதி டாக்டர், வேலை செஞ்சதும் அரசு ஆஸ்பத்திரி. ஆனா அவர் நடத்தின அமைப்பின் பேரு 'மெடிசினா ஆல்டர்நேடிவா'. அதாவது மாற்று மருத்துவம். 1970, 80களில் உலகம் பூரா ஓடின சொல் அது. அலோபதியின் அகங்காரத்துக்கு எதிரா ஒரு பதில் மாதிரி. தமிழில் 'மாற்று'ன்னு வந்தப்போ அதுக்குள்ள ஒரு கத்தி முளைச்சுடுச்சு. நமக்கு மாற்றுன்னா ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்கிறது. மாற்றுத் துணி, மாற்று டிரைவர் மாதிரி. ரெண்டு டிரைவர் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாதே!

கீழ்ப்பாக்கம் என்கிற கெட்ட வார்த்தை

சரி, சொல் மட்டும் காரணமா? இல்லை. நான் ஏன் தி.நகர் போனேன்னு யோசிச்சா வேற ஒண்ணு தட்டுப்படுது. அம்மா கேட்டாங்களே, "கீழ்ப்பாக்கம் அளவுக்கா?"

சென்னையில் மனநல ஆஸ்பத்திரிக்கு 200 வருஷத்துக்கும் மேல வயசு. 1794ல் வாலன்டைன் கானலி என்கிற கம்பெனி சர்ஜன் ஆரம்பிச்சது. 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1961லிருந்து 1978 வரை அதை நடத்தினவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்னு சொல்லப்படுறவர். 1984ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார், 2021ல் காலமானார். 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார், தற்கொலைத் தடுப்புக்காக 'சிநேகா'வைத் தொடங்கினார். இவ்வளவு பெரிய பாரம்பரியம் இருக்கும் ஊரில் ஒரு பேட்டையோட பேரே வசவாயிடுச்சு. சினிமா காமெடியில் கேட்டுச் சிரிச்சிருக்கோம். நானும் ஹாஸ்டலில் எத்தனை பேரை 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு சொல்லியிருக்கேன். அந்தச் சொல்லோட எடை என் தலையில் விழுந்தப்போதான் தெரிஞ்சது.

அதனால நாம எல்லாரும் மனசை உடம்பா மொழிபெயர்க்கிறோம். நெஞ்சு படபடப்பு, தலைக்கனம், வயித்தைப் பிசையறது, நரம்புத் தளர்ச்சி. இதில் கடைசி வார்த்தை சுவாரசியமானது. 1869ல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் பியர்ட் பரப்பின நோய்ப் பேரு அது. அமெரிக்கா பிற்பாடு மறந்துடுச்சு, சீனா விடாமப் பிடிச்சுக்கிட்டது. சீன மொழியிலும் அதுக்கு அர்த்தம் அச்சு அசலா நரம்புத் தளர்ச்சிதான். 1980ல் ஆர்தர் க்ளைன்மேன் என்கிற ஹார்வர்டு மனநல மருத்துவர், ஹுனான் மாகாணத்தில் நரம்புத் தளர்ச்சின்னு வந்த 100 பேரை உக்கார வச்சுப் பேசிப் பாத்தார். 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு. கலாசாரப் புரட்சியில் அடிபட்டவங்க பலர் அதில். மனசு உடைஞ்சு போச்சுன்னு சொல்ல முடியாத ஊரில், தலை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டு வந்திருந்தாங்க.

படிச்சப்போ எனக்கு அம்மா சொன்ன 'கழுத்து வலி' ஞாபகம் வந்தது. ஹுனானும் மந்தைவெளியும் ஒண்ணுதான்.

இங்கேதான் ஊசிக்காரரோட பலம். அவர் வாசலில் 'மனநலம்'னு போர்டு இல்லை. கழுத்து வலின்னு சொல்லிக்கிட்டு உள்ளே போகலாம். உள்ளே போனா அவர் நாடி பிடிச்சுட்டு, "மனசுல என்னமோ வச்சிருக்கீங்க" என்பார். அவமானம் இல்லாம உள்ளே போக ஒரு வாசல். அதைக் கேலி பண்ண எனக்கு மனசு வரலை. அந்த வாசல் வழியா உள்ளே போனவன் மத்த வாசலை எல்லாம் பூட்டிடணும்னு சொல்றதுதான் தப்பு.

அடையாறில் கை வைத்தியம்

இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? எனக்குத் தூக்கம் வந்ததே, அது ஊசியாலயா? இல்லை, ஒருத்தர் என் கனவைக் கேட்டதாலயா?

இந்தக் கேள்விக்கும் நம்ம ஏரியாவில் ஒரு முன்கதை இருக்கு. பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட், 1882ல் இலங்கையில் இருந்தபோது கையால் தடவியே நோயைக் குணப்படுத்த ஆரம்பிச்சார். அந்த வருஷக் கடைசியில் சபையின் தலைமையகம் பம்பாயிலிருந்து அடையாறுக்கு மாறியது. 1883 முழுக்க ஊர் ஊரா அவர் போனப்போ, ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்னாங்க. பக்கவாதம், காது மந்தம், வலி எல்லாத்துக்கும். தன் சக்தி வத்திப்போகுதுன்னு சொல்லிப் பிறகு நிறுத்திட்டார். இது மெஸ்மர் என்கிற வியன்னாக்காரர் வழி வந்த 'காந்த சக்தி' வைத்தியம். உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓட்டம், அடைப்பு வந்தா நோய், அடைப்பை நீக்கினா குணம். சீனத்து 'ச்சி' ஓட்டக் கதை மாதிரியே இல்லை?

மெஸ்மர் வைத்தியத்தை 1784லேயே பிரெஞ்சு மன்னர் ஒரு குழு போட்டுச் சோதிச்சார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாய்சியர் எல்லாம் அந்தக் குழுவில். நோயாளிக்குத் தெரியாம காந்த சக்தி செலுத்தினா ஒண்ணும் நடக்கலை. செலுத்தாமலேயே செலுத்தியாச்சுன்னு நம்ப வச்சா உடம்பு உதறியது. கண்ணைக் கட்டிச் சோதிக்கிற முறைக்கு அது ஒரு ஆரம்பம்.

ஊசிக்கும் அதே சோதனை வந்தது. 1998ல் ஜெர்மனியில் ஒரு போலி ஊசி செஞ்சாங்க. நாடகத்துக் கத்தி மாதிரி, குத்தினா உள்வாங்கிக்கும். தோலைத் தொடும், துளைக்காது. படுத்திருக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. 2018ல் காக்ரேன் அமைப்பு மனச்சோர்வுக்கான 64 ஆய்வுகளை, மொத்தம் 7104 பேர், சேர்த்துப் பார்த்தது. சிகிச்சையே இல்லாம இருப்பதோட ஒப்பிட்டா ஊசியில் ஓரளவு பலன் தெரியுது. போலி ஊசியோட ஒப்பிட்டா வித்தியாசம் சின்னதாயிடுது. ஆய்வுகளின் தரமும் பெரும்பாலும் குறைவுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

எனக்குப் பிடிச்ச ஆய்வு 2013ல் இங்கிலாந்தில் வந்தது. யார்க் பல்கலைக்கழகம் நடத்தினது. மனச்சோர்வு உள்ள 755 பேர். ஒரு பகுதிக்கு ஊசி, ஒரு பகுதிக்கு மனநல ஆலோசனை, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வாரத்துக்கு ஒண்ணு, அதிகபட்சம் 12 முறை. மூணு மாசத்தில் ஊசிக் குழுவும் ஆலோசனைக் குழுவும், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்களை விட முன்னேறியிருந்தாங்க. ஊசிக்கும் ஆலோசனைக்கும் நடுவில் பெரிய வித்தியாசமில்லை. ஊசி வேலை செஞ்சதா, ஊசிக்காரரோட அக்கறை வேலை செஞ்சதான்னு இந்த ஆய்வு பிரிச்சுச் சொல்லாது. ஆனா ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்த 755 பேரில் பெரும்பாலானவங்க ஏற்கனவே மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க. ஊசிக்கு வந்ததால யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லலை. எந்தக் குழுவில் இருந்தாலும் வழக்கமான சிகிச்சையும் பாட்டுக்கு நடந்தது.

வெறுங்கால் மருத்துவரோட ஒரே பை ஞாபகம் இருக்கா?

ஏர்வாடியில் கத்துக்கிட்டது

தமிழ்நாடு இந்தப் பாடத்தை ரொம்பப் பெரிய விலை கொடுத்துக் கத்துக்கிட்டது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்கா பக்கத்தில் தனியார் நடத்தின ஒரு காப்பகத்தில் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமலே கருகிப்போனாங்க. குணமாகும்னு நம்பிக் கொண்டு வந்து விட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும்.

அதுக்கப்புறம் என்ன பண்ணினாங்க? தர்காவுக்குப் போகாதேன்னு சொன்னா ஜனங்க கேக்க மாட்டாங்க. சொல்ல வேண்டியதும் இல்லை. பிற்பாடு அரசு 'தவா துவா' திட்டத்தை அங்கே கொண்டு வந்தது. தவான்னா மருந்து, துவான்னா பிரார்த்தனை. தொழுதுட்டு வர்றவங்களை அங்கேயே மனநல மருத்துவர் பார்ப்பார், மருந்து கொடுப்பார். குஜராத்தில் ஒரு தர்காவில் முதலில் செஞ்சு பார்த்த முறை. எனக்குத் தெரிஞ்சு 'துணை' என்கிற வார்த்தைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

என் கதைக்கு வர்றேன். மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சேன். ஒன்றரை வருஷம் கழிச்சு டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்தினார். இந்தத் தடவை தலைக்குள்ள கரண்ட் எதுவும் அடிக்கலை. நடுவில் அவர்கிட்டயே கேட்டுட்டு, மயிலாப்பூரில் வேறொரு அக்குபங்சர்காரர்கிட்டப் போனேன். வயசான அம்மா ஒருத்தங்க. முதல் நாளே ரெண்டு கேள்வி கேட்டாங்க. "என்ன மாத்திரை சாப்பிடறே? சீட்டைக் கொண்டு வந்திருக்கியா?" ஒரு நோட்டில் எழுதி வச்சுக்கிட்டாங்க. "இதை நானும் நிறுத்த மாட்டேன், நீயும் நிறுத்தாதே. டாக்டர் சொல்லட்டும்." அப்புறம்தான் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. அந்த ரெண்டு கேள்விக்காகவே நான் அவங்ககிட்ட ஆறு மாசம் போனேன்.

அதனால மக்களே, ஊசிக்குப் போறவங்களை நான் தடுக்க மாட்டேன். போனா, உங்க மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டு போங்க. அதைப் பாத்து அவர் என்ன சொல்றார்னு கவனிங்க. நிறுத்துன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க, உங்களைப் பார்க்கிற டாக்டர் கிட்டப் பேசுங்க. மனசு ரொம்பக் கனமாகி, யார்கிட்டப் பேசறதுன்னு தெரியாத ராத்திரியில் 14416க்குப் போன் பண்ணுங்க. 2022ல் மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம். கழுத்து வலின்னு சொல்லிக்கிட்டு ஆரம்பிச்சாலும் பரவாயில்லை.

போன வாரம் அத்தை போன் பண்ணினாங்க. அவங்க பையனுக்கு, பிளஸ் டூ படிக்கிறான், ராத்திரியில் தூக்கமில்லையாம், நெஞ்சு அடிச்சுக்குதாம். "அந்த தி.நகர் ஊசிக்காரர் நம்பர் இன்னும் வச்சிருக்கியாடா?" என்றாங்க. வச்சிருக்கேன். ஆனா நான் கொடுத்தது அடையாறு டாக்டர் நம்பர். கொஞ்ச நேரம் அத்தை ஒண்ணும் பேசலை.

அப்புறம் மெதுவாக் கேட்டாங்க. "உனக்கு அப்ப கழுத்து வலி இல்லையாடா?"

"இல்லை அத்தை" என்றேன்.